ப்ளஸ் ஒன் வந்துவிட்டது, வாலிபாலை நிறுத்திவிடலாமா?

கேள்வி:

டாக்டர் அம்மா, என் மகளுக்கு 16 வயது. நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். மேத்ஸ் – பயாலஜி குரூப். பத்தாம் வகுப்பில் 471 மார்க். ஏழாம் வகுப்பிலிருந்து வாலிபால் ஆடுகிறாள். பள்ளி அணியில் செட்டர். போன வருடம் மாநிலப் போட்டி வரை போய் வந்தாள். ஆறு வயதிலிருந்து பரதமும் கற்கிறாள். அடுத்த வருடத்துக்குள் அரங்கேற்றம் முடித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஜூன் மாதம் நீட் கோச்சிங்கில் சேர்த்தோம். அதிலிருந்து வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே நேரமில்லை. காலை 4.30க்கு எழுப்பிவிடுவேன். டீ குடித்துவிட்டு 5.30க்கு கிரவுண்டுக்குப் போவாள், 7 மணி வரை ஆட்டம். ஞாயிறு தவிர தினமும் இதுதான். 8 மணிக்கு ஸ்கூல் வேன். ஸ்பெஷல் கிளாஸ் முடிய 5.15 ஆகிறது. அங்கிருந்து நேராக கோச்சிங், 6 முதல் 8.30 வரை. வீட்டுக்கு வர 9 மணி. சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்க 11.30, 12 ஆகிவிடும். சனிக்கிழமை மாலை பரதம். ஞாயிறு 9 முதல் 1 மணி வரை கோச்சிங்கில் டெஸ்ட்.

முதல் மாதத் தேர்வில் பிசிக்ஸில் 41தான் வாங்கியிருக்கிறாள். அவள் அப்பா, "ரெண்டு வருஷம் பந்தைத் தொடாதே, காலேஜ் போய் ஆடிக்கோ" என்கிறார். பள்ளியிலும் அதையே சொல்கிறார்கள். பி.டி. மாஸ்டரோ, "பிரக்ஞானந்தா ராத்திரி முழுக்க ஆடிட்டு காலையில பரீட்சை எழுதலையா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலேயே சீட் கிடைக்கும்" என்கிறார். நடுவில் நான் திண்டாடுகிறேன். இவளோ எதையும் விடமாட்டேன் என்று அழுகிறாள். கொஞ்ச நாளாக கெண்டைக்கால் எலும்புப் பக்கம் வலி என்கிறாள். டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது. மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை, டென்ஷனாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எதை நிறுத்தச் சொல்வது?

– ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று மாதம் வராமல் போனால், காரணம் டென்ஷன் என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. கூடவே சாப்பாடு குறைந்திருக்கிறது, தூக்கம் குறைந்திருக்கிறது, கெண்டைக்கால் எலும்பு வலிக்கிறது. இவை தனித்தனிப் பிரச்சினைகளாக இல்லாமல் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது, உடம்பு சில வேலைகளை நிறுத்திவைத்துச் சிக்கனம் பிடிக்கும். பெண் பிள்ளைகளிடம் மாதவிலக்கு நிற்பது அதன் வெளிப்படையான அடையாளம். எலும்பு வலுவிழப்பது வெளியே தெரியாமல் நடக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. ஒலிம்பிக் வீராங்கனைகளுக்குத்தான் வரும் என்றில்லை. வெறும் டீயோடு கிரவுண்டுக்குப் போய், மதியச் சாப்பாட்டில் பாதியைத் திருப்பிக் கொண்டுவரும் ப்ளஸ் ஒன் மாணவிக்கும் வரும்.

ஆகவே இந்த வாரமே ஒரு மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் கட்டாயம் பார்க்கச் சொல்வார். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிசிக்ஸில் 41 வாங்கியதற்குக் காரணம் வாலிபால் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். இரும்புச்சத்துக் குறைவால் வரும் அசதியும் கவனச் சிதறலும் காரணமாக இருக்கலாம் என்று நான் சந்தேகப்படுகிறேன். இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலுக்கு எலும்பு மருத்துவர். வலிக்கும் இடத்தை உங்கள் மகள் ஒரே விரலால் தொட்டுக் காட்டுகிறாளா, அல்லது எலும்பு நெடுக உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறாளா என்று கவனியுங்கள். ஒரே புள்ளியில் வலி, ஓய்வாக இருக்கும்போதும் வலி, இரவிலும் வலி என்றால் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றதும் ஜம்ப் செய்ய அனுப்பிவிடாதீர்கள். மருத்துவர் சொல்லும்வரை குதிப்பது, ஓடுவது எதுவும் வேண்டாம். மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து பார்க்கலாம், நின்ற இடத்திலேயே விரலால் பந்து தூக்கிப் பழகலாம். செட்டருக்கு அதுவும் பயிற்சிதான்.

பரதத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு போடும்போது அதே கெண்டைக்கால் எலும்புதான் அடி வாங்குகிறது. காலையில் சிமென்ட் தரையில் குதித்துவிட்டு மாலையில் கல் தரையில் தட்டினால் எலும்பு எப்போது ஆறும்? அரங்கேற்றம் உங்கள் ஆசை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ப்ளஸ் டூ முடிந்த பிறகு நடந்தாலும் அரங்கேற்றம்தான். குருவிடம் பேசுங்கள், ஒத்திவைப்பதற்கு அவர் சம்மதிப்பார். எதை நிறுத்துவது என்ற உங்கள் கேள்விக்கு இது என் முதல் பதில். நிறுத்தவும் வேண்டாம், தள்ளிவையுங்கள்.

இனி நேரத்துக்கு வருவோம். நீங்கள் தந்த அட்டவணையை அப்படியே ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். வாரத்தில் வாலிபால் 9 மணி நேரம். கோச்சிங், போய்வரும் நேரத்தைச் சேர்க்காமலே, பதினாறரை மணி நேரம். ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லோரும் நிறுத்தச் சொல்வது வாலிபாலை! வளரும் பிள்ளைகள் வாரத்துக்குத் தங்கள் வயதின் எண்ணிக்கைக்கு மேற்பட்ட மணி நேரம் பயிற்சி செய்யக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 16 வயதுக்கு 16 மணி நேரம். உங்கள் மகள் ஆடுவது அதைவிட வெகுவாகக் குறைவு. இந்த 9 மணி நேரம் அவளை முறிக்கவில்லை. அது வைக்கப்பட்டிருக்கும் இடம் முறிக்கிறது.

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. உங்கள் மகள் தூங்குவது ஐந்து மணி நேரம்கூட இல்லை. அதிலும் இந்த வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப் போகும். இரவு சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் விழிப்பும் வராது. சோம்பேறித்தனம் என்று பாட்டிமார் திட்டுவது பாதிக்கு மேல் ஹார்மோன் செய்யும் வேலை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பள்ளியின் விளையாட்டு மாணவர்கள் 112 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. பகலில் படித்தது மனதில் படிவதும் தூக்கத்தில்தான். நள்ளிரவு வரை உட்காரவைத்து 4.30க்கு எழுப்பினால், அன்று படித்ததைப் பாதியிலேயே பிடுங்கி எறிகிறோம்.

ஆகவே நாள் திட்டத்தைத் தூக்கத்திலிருந்து போடத் தொடங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தூக்கம். இதில் பேரம் கிடையாது. மிச்சமிருக்கும் நேரத்தில் எது அடங்குகிறதோ அதுதான் அவளுடைய படிப்பும் விளையாட்டும்.

அப்படிப் போட்டால் எது வெளியே நிற்கும்? வாரநாள் கோச்சிங். பள்ளியில் பகலில் கேட்ட அதே இயற்பியலை மாலையில் இன்னொரு கட்டடத்தில் இன்னொருவர் வாயிலாகக் கேட்கிறாள். கேட்டுக்கொண்டே இருக்கிறாள், தனியாக உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க நேரமே இல்லை. நினைவாற்றலைப் பற்றி ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். நேரம் குறைவாக உள்ள பிள்ளைக்கு இதைவிட உதவும் செய்தி வேறில்லை. ஒன்றரை மணி நேரம் கோச்சிங்கில் கேட்பதைவிட, முக்கால் மணி நேரம் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது மேல்.

கோச்சிங்கை முழுக்க விடச் சொல்லவில்லை. ஞாயிறு டெஸ்ட் இருக்கட்டும், அது உண்மையிலேயே உதவும். வார இறுதி பேட்ச் இருந்தால் மாறிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கட்டிய பணம் என்னாவது என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு ஒரு வழிகாட்டி நெறி வெளியிட்டது. முழுக் கட்டணமும் கட்டிய மாணவர் நடுவில் நின்றால், மிச்சக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும், வாரம் ஒரு நாள் விடுமுறை விட வேண்டும், மிகக் காலையிலும் மிக இரவிலும் வகுப்பு வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது சட்டமல்ல, நெறிமுறைதான். ஆனால் அச்செடுத்துக் கையில் கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி போகும்.

இப்போது ஒரு வாரநாளை மாற்றிப் பார்ப்போம். காலை 6க்கு எழுந்து, அரை மணி நேரம் முந்தைய நாள் பாடத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கலாம். உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடலாம். பள்ளி. 5.15க்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் பள்ளி மைதானத்திலேயே வாரம் நான்கு நாள் 6.30 வரை ஆட்டம். 7 மணிக்கு வீடு. 7.45 முதல் 9.45 வரை படிப்பு. சனிக்கிழமை காலையில் ஒரு நீண்ட ஆட்டம் ஆடிக்கொள்ளலாம். ஞாயிறு டெஸ்ட் முடிந்த பிறகு எதுவும் கிடையாது. எதுவும் என்றால், அத்தை வீட்டு விசேஷம் உட்பட. பயிற்சியைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்ற பி.டி. மாஸ்டர் ஒத்துக்கொள்வாரா என்பது கேள்வி. மாநிலம் வரை போன செட்டரை இழக்க எந்த மாஸ்டரும் விரும்பமாட்டார், கேட்டுப் பாருங்கள். பள்ளி அட்டவணையில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருக்கும். அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு துணை முதலமைச்சரே மேடையேறி, அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நாட்டில் இருக்கிறோம்!

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்களுக்கு நான் சொல்லித்தர அதிகமில்லை. வெறும் வயிற்றில் ஆட வேண்டாம். மாலை 4.30 வாக்கில் சுண்டலோ, வேகவைத்த கடலையோ, முட்டையோ, வாழைப்பழமோ உள்ளே போக வேண்டும். டீயைச் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. பாக்ஸ் ஏன் பாதியாகத் திரும்புகிறது என்று கோபமில்லாமல் கேளுங்கள். பசி இல்லையா, சாப்பிட நேரம் விடவில்லையா, எடை கூடிவிடும் என்று யாராவது சொன்னார்களா? கடைசிக் காரணம் என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி மாஸ்டர் சொன்ன இரண்டு விஷயங்கள். பிரக்ஞானந்தா கதை உண்மைதான். 2022 மே மாதம், 16 வயதில், ஆன்லைன் சதுரங்கப் போட்டியில் நள்ளிரவு தாண்டி ஆடி ஜெயித்துவிட்டு, காலையில் ப்ளஸ் ஒன் பரீட்சைக்குப் போனார். அது ஓர் இரவு. உங்கள் மகளுக்கு ஜூனிலிருந்து எல்லா இரவும் அப்படி. சதுரங்கத்தையே எடுத்துக்கொண்டால், குகேஷ் நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டார். அதை எந்தப் பெற்றோருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கிரிக்கெட்டில் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டியில் பொறியியல் படித்தவர்கள், அஸ்வின் பி.டெக். என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் ஜெயித்தவர்களை வைத்தே கணக்குப் போட்டால் எந்தப் பாதையும் நல்ல பாதையாகத்தான் தெரியும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா விஷயத்தில் மாஸ்டரோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. எம்.பி.பி.எஸ்.ஸில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னை ஐஐடி 2024–25இலிருந்து ஒவ்வொரு பாடப்பிரிவிலும் இரண்டு இடம் கூடுதலாக ஒதுக்கி, ஒன்றைப் பெண்களுக்கு என்று வைத்திருக்கிறது. அதற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதித் தேற வேண்டும், தேசிய அளவிலாவது பதக்கம் வேண்டும். எல்லாவற்றிலும் சர்வதேச, தேசிய வெற்றிகளுக்குத்தான் முதலிடம். மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் வரிசையில் கீழேதான் நிற்கும். சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் சீட்டுக்காக ஆடவைக்காதீர்கள். அப்படி ஆடும் பிள்ளைகள் ஒரு செலக்‌ஷனில் பெயர் விட்டுப்போனால் மைதானத்தையே வெறுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

"காலேஜ் போய் ஆடிக்கோ" என்கிறார் உங்கள் கணவர். ஆண் பிள்ளைகளிடம் இது ஓரளவு நடக்கிறது. இரண்டு வருடம் விட்டவன் கல்லூரி விடுதி மைதானத்தில் மறுபடி பந்தெடுக்கிறான். பெண் பிள்ளைகளிடம் அது நடந்து நான் பார்த்தது குறைவு. ப்ளஸ் டூவுக்காக நிறுத்தியவள் அநேகமாக நிரந்தரமாகவே நிறுத்திவிடுகிறாள். இதை அவரிடம் சொல்லுங்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாலிபாலை நிறுத்தினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் வேறு என்ன வைத்திருக்கிறார்?

இன்னொரு காரணத்துக்காகவும் அவர் கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கலாம். ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025–26 முதல் இல்லை. பொறியியல் கட்-ஆஃப் 200ம் ப்ளஸ் டூ மார்க்கிலிருந்துதான் வருகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நீட்டின் 180 கேள்விகளில் 90 உயிரியல். நீட் பாடத்தில் கிட்டத்தட்ட பாதி ப்ளஸ் ஒன்னில் இருக்கிறது. எனவே இந்த வருடத்துப் பாடத்தை நிதானமாக, புரிந்து படித்தாலே போதும். பொதுத்தேர்வு இல்லை என்பதற்காக ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இப்போதே ப்ளஸ் டூ பாடத்தை உருப்போடவைக்கும் பள்ளிகள் உண்டு. அந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் 2017–18இல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தார்கள். உங்கள் பள்ளி அப்படிச் செய்கிறதா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். செய்தால், பிசிக்ஸ் 41க்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

புதிய திட்டத்தைக் காலாண்டுத் தேர்வு வரை நடத்திப் பாருங்கள். கால் ஆறும்வரை ஆட்ட நேரம் ஓய்வு நேரமாகவே இருக்கட்டும். காலாண்டு மார்க் வந்த பிறகு கணவரும் நீங்களும் மகளும் உட்கார்ந்து பேசுங்கள். மார்க் குறைந்திருந்தால் நான்கு நாள் ஆட்டத்தை மூன்றாக்கலாம். அடுத்த ஆண்டு ப்ளஸ் டூவில் ஜனவரிக்குப் பிறகு போட்டி எதுவும் வேண்டாம், உடம்பு அசைய ஒரு மணி நேரம் மட்டும் போதும் என்று இப்போதே மூவரும் ஒத்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வு நெருங்கும்போது அழுகையும் சண்டையும் மிச்சம்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீளமான கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார், பள்ளி என்ன சொல்கிறது, மாஸ்டர் என்ன சொல்கிறார், உங்கள் ஆசை என்ன என்று எல்லாம் இருக்கிறது. உங்கள் மகள் டாக்டராக விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. எழுத விட்டுப்போயிருக்கலாம். இல்லையென்றால், அவளிடம் கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம். அவள் நீட் விண்ணப்பம் நிரப்ப இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.